எல்லாக் கதவுகளையும் திறக்கும் திறப்பு யார் கையில்?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் பெயர்களும் 2021ஆம் ஆண்டில் உலகச் செய்திகளில் அடிபட்டன. சூரிய ஒளியையும் காற்றையும் கொண்டு இத்தீவுகளுக்கு மின்சாரம் வழங்கும் திட்டத்தைச் சீன நிறுவனம் ஒன்றின் கூட்டு முயற்சியிடம் ஒப்படைக்க அவ்வாண்டின் தொடக்கத்தில் இலங்கை அமைச்சரவை இணங்கியது. தமிழகக் கரைக்கு இத்தனை அருகில் அவ்வாறு நிகழ்வதை இந்தியா விரும்பவில்லை. மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணங்காட்டி, திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அவ்வாண்டு டிசெம்பரில் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டம் இந்திய நன்கொடையுடன் புதிய உடன்படிக்கையாக மாறியது.

அந்த விவகாரத்தின் நியாய அநியாயங்களை ஆராய்வது இங்கு எமது நோக்கமன்று. அதிலிருந்து ஒரேயொரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகின்றோம். ஓர் அமைப்பு எவ்வளவு சிறியதாயினும், அதனை இயக்கும் திறப்பு யாருடைய கையில் இருக்கின்றது என்ற கேள்வி சிறியதன்று. சில ஆயிரம் மக்களுக்கு விளக்கெரிக்கும் மின் நிலையத்தின் திறப்பைப் பற்றி இரண்டு பெரிய அரசுகள் கவலைப்பட்டன.

அதே அனலைதீவு மக்களுடைய பிறப்பு, திருமணம், இறப்பு, அடையாள அட்டை, காணி, நலன்புரிக் கொடுப்பனவு ஆகியவற்றின் பதிவுகள் படிப்படியாகக் கணினிகளுக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. அக்கணினிகள் தீவில் இல்லை. பெரும்பாலானவை கொழும்பிலோ அதற்கு அப்பாலோ உள்ளன. அவற்றின் எல்லாக் கதவுகளையும் திறக்கும் திறப்பு எத்தனை பேரிடம் இருக்கின்றது? அது எந்த நாளில், யாருடைய அனுமதியுடன், எந்தத் தேவைக்காகக் கொடுக்கப்பட்டது? வேலை முடிந்த பின்னர் மீளப் பெறப்பட்டதா? இக்கேள்விகளைக் கேட்பவர்கள் மிகச் சிலரே. பொறியியலாளர்களின் தனி விடயம் என்று இது ஒதுக்கப்பட்டு விடுகின்றது. உண்மையில் இது பொதுமக்களின் விடயமாகும்.

தரவுத்தளமும் அதன் திறப்புகளும்

கணினியில் ஒழுங்குபடுத்திச் சேமிக்கப்பட்ட பதிவுகளின் தொகுப்பையே தரவுத்தளம் என்கின்றோம். அத்தொகுப்பை வைத்திருந்து, கேட்பவர்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கும் கணினி தரவுத்தள வழங்கி எனப்படும். நமது பிரதேச செயலகம் ஒன்றின் ஆவண அறையை மனதில் கொண்டால் இதன் வேலை எளிதில் விளங்கும்.

ஆவண அறையில் எல்லோருக்கும் ஒரே அளவான உரிமை இருப்பதில்லை. ஒருவர் பதிவேட்டைப் பார்க்கலாம். ஆனால் எழுத முடியாது. இன்னொருவர் புதிய பதிவை எழுதலாம். பழையதைத் திருத்த முடியாது. திருத்தும் உரிமை மேலதிகாரி ஒருவருக்கே உண்டு; அதற்கும் ஒப்பமும் திகதியும் வேண்டும். தரவுத்தள வழங்கியிலும் இதே படிநிலை உண்டு. படித்தல், சேர்த்தல், திருத்தல், அழித்தல் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. எந்தப் பதிவேட்டில் என்பதையும் வரையறுக்கலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியை அச்சிட்டுக் கொடுக்கும் எழுதுவினைஞருக்குப் படிக்கும் உரிமை போதுமானது. அவருக்கு அழிக்கும் உரிமை எவ்வகையிலும் தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொரு வகை உரிமை இருக்கின்றது. இது ஒரு பதிவேட்டின் மீதான உரிமையன்று. முழு வழங்கியின் மீதான உரிமையாகும். இதனைப் பெற்றவர் எந்தப் பதிவையும் படிக்கலாம், மாற்றலாம், முழுத் தரவுத்தளத்தையும் ஒரே கட்டளையில் அழிக்கலாம். புதிய பயனர்களை உருவாக்கி அவர்களுக்கும் இதே உரிமையை வழங்கலாம். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று குறித்து வைக்கும் ஏற்பாட்டையே நிறுத்தி விடலாம். ஆவண அறை உவமையில் சொல்வதானால், இவர் அறையின் திறப்பை மட்டும் வைத்திருப்பவர் அல்லர். வருகைப் பதிவேட்டின் தாள்களைக் கிழிக்கவும், திறப்புக்கு எத்தனை நகல்களும் செய்து கொடுக்கவும் வல்லவர்.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வரில் இவ்வுரிமை 'சிஸ்அட்மின்' என்ற பாத்திரமாக வழங்கப்படுகின்றது. இப்பாத்திரத்தில் சேர்க்கப்பட்டவருக்கு எந்த அனுமதிச் சோதனையும் நிகழ்வதில்லை. அவருக்கு ஒரு பதிவேடு மறுக்கப்பட்டுள்ளது என்று வெளிப்படையாக எழுதி வைத்தாலும், அம்மறுப்பு அவரைக் கட்டுப்படுத்தாது. மைஎஸ்கியூஎல் மென்பொருளில் 'ரூட்' கணக்கும், ஒராக்கிளில் 'சிஸ்டிபிஏ' உரிமையும், போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் 'சூப்பர்யூசர்' என்பதும் ஏறக்குறைய இதே அதிகாரத்தைக் கொண்டவை. பெயர்கள் வேறு, பொருள் ஒன்றே.

இத்தகைய உரிமை இல்லாமல் எந்த வழங்கியையும் நடத்த முடியாது. மென்பொருளைப் புதுப்பிக்கவும், பழுதைத் திருத்தவும், அழிந்ததை மீட்கவும் அது வேண்டும். ஆகவே அவ்வுரிமை இருக்கலாமா என்பதன்று கேள்வி. அதனை யாருக்கு, எதற்கு, எவ்வளவு காலத்துக்கு வழங்குவது என்பதே கேள்வி.

உரிமை கைமீறுவது எவ்வாறு?

ஒரு நிறுவனத்தில் முழு உரிமை பலரிடம் பரவியிருக்கின்றது என்றால், அதற்குப் பெரும்பாலும் சதி காரணமாக இருப்பதில்லை. அவசரமும் சௌகரியமுமே காரணமாகின்றன.

புதிய மென்பொருள் ஒன்றை நிறுவுகின்றார்கள். அது வேலை செய்ய மறுத்து, 'அனுமதி இல்லை' என்ற செய்தியைத் திரையில் காட்டுகின்றது. எந்த அனுமதி குறைகின்றது என்று தேடிக் கண்டறிய அரை நாள் ஆகலாம். முழு உரிமையையும் கொடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் வேலை செய்கின்றது. 'இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு குறைப்போம்' என்று தொழில்நுட்பவியலாளர் நினைக்கின்றார். அந்தப் பிறகு வருவதேயில்லை. வேலை செய்யும் ஒன்றில் கைவைக்க யாரும் விரும்புவதில்லை.

அடுத்தது ஒப்பந்தக்காரரின் வழி. அரச அலுவலகங்களின் மென்பொருள்களை வெளி நிறுவனங்கள் தயாரித்துப் பராமரிக்கின்றன. தொலைவிலிருந்து பழுது பார்ப்பதற்கென முழு உரிமையுள்ள கணக்கொன்று கொடுக்கப்படுகின்றது. அதன் கடவுச்சொல்லை அந்நிறுவனத்தில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது அலுவலகத்துக்குத் தெரியாது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கணக்கு உயிருடன் இருப்பதுண்டு. இடமாற்றம் பெற்றவர்களுடைய, ஓய்வு பெற்றவர்களுடைய கணக்குகளின் கதையும் இதுவே.

இன்னொரு வழி பலருடைய கண்ணுக்கும் புலப்படாதது. கணினியில் மனிதர்களுக்கு மட்டுமன்றி, இயங்குதளத்துக்கும் சொந்தமாக ஒரு கணக்கு உண்டு. வின்டோஸில் இது 'சிஸ்டம்' என அழைக்கப்படுகின்றது. காப்புப்பிரதி எடுக்கும் மென்பொருள், வைரஸ் தடுப்பு மென்பொருள் போன்றவை பல வேளைகளில் இக்கணக்கின் பெயரிலேயே இயங்குகின்றன. முன்னைய காலத்தில் எஸ்.கியூ.எல். சேர்வரை நிறுவியவுடன் இக்கணக்கு தானாகவே முழு உரிமை பெற்றது. அது ஆபத்தானது என்பதை உணர்ந்த மைக்ரோசொப்ட், கணினியின் நிர்வாகிகள் குழுவுக்குத் தானாகக் கிடைத்த உரிமையை 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலும், 'சிஸ்டம்' கணக்குக்குத் தானாகக் கிடைத்த உரிமையை 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலும் நீக்கியது.

ஆயினும் காப்புப்பிரதி மென்பொருள் தடுமாறும்போது, 'சிஸ்டம் கணக்கைச் சிஸ்அட்மின் பாத்திரத்தில் சேர்த்து விடுங்கள்' என்ற ஆலோசனை இன்றும் சாதாரணமாக வழங்கப்படுகின்றது. சேர்ப்பதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். அந்த ஒரு வரியின் விளைவை எத்தனை பேர் சிந்திக்கின்றார்கள்? அதன் பின்னர் அக்கணினியின் நிர்வாகியாக எவர் மாறினாலும், இயங்குதளத்தின் பெயரில் எந்தத் தீய மென்பொருள் இயங்கினாலும், அவர் அல்லது அது தரவுத்தளத்தின் எசமானாகி விடுகின்றது. கணினியைப் பராமரிப்பவரும் பதிவுகளைப் பராமரிப்பவரும் வேறு வேறானவர்கள் என்ற சுவர் சத்தமின்றி இடிந்து போகின்றது.

அனுபவம் கூறுவது

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. நமது நாட்டிலேயே அண்மைக் காலத்தில் இரண்டு பெரும் அனுபவங்கள் கிடைத்துள்ளன.

2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள், அவை வைக்கப்பட்டிருந்த அரச மேகக்கணிமையிலிருந்து அழிந்து போயின. நாட்டிற்குள் எந்த மருந்து வரலாம், எது வரக்கூடாது என்பதைத் தீர்மானிப்பதற்கான ஆவணங்கள் அவை. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. அம்மென்பொருளைப் பராமரித்த தனியார் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அழிவு தவறுதலாக நிகழ்ந்ததா அன்றா என்பது நீதித்துறைக்குரிய விடயம். அதில் நாம் தலையிடுவது முறையன்று. ஆனால் நீதிமன்றம் எவ்வாறு தீர்ப்பளிப்பினும் மாறாத ஓர் உண்மை உண்டு. கொரோனா தொற்று உச்சத்திலிருந்த ஒரு காலத்தில், நாட்டின் மருந்துப் பதிவுகளை இல்லாமற் செய்யக்கூடிய உரிமை அவ்வாறு கையாளப்படக்கூடிய நிலையில் இருந்தது. காப்புப்பிரதி எடுத்து வைப்பது யாருடைய பொறுப்பு என்ற வாதம் அழிவின் பின்னரே எழுந்தது.

இரண்டாவது அனுபவம் 2023 ஓகஸ்டில் கிடைத்தது. கப்பம் கோரும் மென்பொருள் ஒன்று அரச மேகக்கணிமையின் மின்னஞ்சல் அமைப்பைத் தாக்கியது. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிப்புற்றன. அவ்வாண்டு மே 17ஆம் திகதியிலிருந்து ஓகஸ்ட் 26ஆம் திகதி வரையான தரவுகள் இழக்கப்பட்டன. தாக்கப்பட்டது தரவுத்தளமன்று, மின்னஞ்சல் என்பது உண்மையே. எனினும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது. வலையமைப்போடு இணைந்திருந்த காப்புப்பிரதியும் தாக்குதலுக்குள்ளானது. துண்டித்து வைக்கப்பட்ட வேறு பிரதி அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை. ஒரே திறப்பால் வீட்டையும் பெட்டகத்தையும் திறக்க முடியுமாயின், வீட்டுக்குள் புகுந்தவன் பெட்டகத்தை விட்டுச் செல்வான் என்று எதிர்பார்க்க முடியாது.

உலக அனுபவமும் வேறாக இல்லை. எஸ்.கியூ.எல். சேர்வரின் முதன்மை நிர்வாகக் கணக்குக்குக் கடவுச்சொல்லே இடாமல் விடும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 2002 மே மாதத்தில் பரவிய புழு மென்பொருள் ஒன்று, அத்தகைய வழங்கிகளைத் தேடித் தேடி ஆயிரக்கணக்கில் கைப்பற்றியது. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை.

2017 ஜனவரி 31ஆம் திகதி இரவு, மென்பொருளாளர்களின் வேலைகளைச் சேமித்து வைக்கும் கிட்லப் என்ற நிறுவனத்தில், ஒரு பொறியியலாளர் பழுதொன்றைத் திருத்த முயன்றார். நேர்மையானவர், திறமையானவர், களைத்திருந்தவர். ஒரு வழங்கியில் இடவேண்டிய அழிப்புக் கட்டளையை வேறொரு வழங்கியில் இட்டுவிட்டார். சில வினாடிகளில் அவர் உணர்ந்து நிறுத்திய போதிலும், ஏறக்குறைய 300 கிகாபைட் அளவிலான தரவு போய்விட்டது. காப்புப்பிரதிக்கெனப் பல ஏற்பாடுகள் இருந்தன. அவசரத்துக்கு அவை கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்னர் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியே காப்பாற்றியது. அந்நிறுவனம் நடந்தவற்றை ஒளிக்காமல் உலகுக்கு வெளியிட்டமை பாராட்டுக்குரியது. முழு உரிமை கெட்டவர்களிடம் மட்டுந்தான் ஆபத்தானது என்று எண்ணுவோர் இச்சம்பவத்தைச் சிந்திக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநகரத்தில், நகர நிர்வாகத்தின் கணினி வலையமைப்புக்கான முழு உரிமையும் ஒரேயொரு பொறியியலாளரின் கையில் இருந்தது. மேலதிகாரிகளுடன் பிணக்கு ஏற்பட்டபோது அவர் கடவுச்சொற்களைக் கொடுக்க மறுத்தார். சிறையிலிருந்தவாறே நாட்கள் கடந்து, நகர முதல்வரிடம் மட்டும் அவற்றைத் தெரிவித்தார். 2010இல் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. திறப்பு பலரிடம் இருப்பது எவ்வளவு தவறோ, ஒருவரிடம் மட்டும் இருப்பதும் அவ்வளவு தவறு என்பதை அந்த நகரம் கற்றுக்கொண்டது.

அண்டை நாட்டின் அனுபவமொன்றும் நமக்கு மிக நெருக்கமானது. இந்தியாவின் ஆதார் அடையாள அமைப்பில் உள்ளவர்களின் பெயர், முகவரி போன்ற விபரங்களைப் பார்க்கும் வாய்ப்பை வெறும் 500 ரூபாவுக்கு வாங்க முடிந்தது என்று 2018 ஜனவரியில் 'ட்ரிபியூன்' நாளிதழ் வெளிப்படுத்தியது. விரல்ரேகை முதலிய உயிரளவைத் தரவுகள் கசியவில்லை என்று ஆதார் ஆணையம் கூறியது. அது ஒருபுறமிருக்க, அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. உள்ளே நுழையும் உரிமை கைமாறி, கைமாறி விற்பனைப் பொருளாகி விட்டிருந்தது. இந்திய நிதியுதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை நடைமுறைப்படுத்த 2022இல் உடன்படிக்கை செய்துகொண்ட இலங்கை, இந்த அனுபவத்தையும் சேர்த்தே பெற்றுக்கொள்வது நல்லது.

உரிமை வழங்குவதில் ஒழுங்கு

இதற்கான மருந்து புதிதன்று. 1975ஆம் ஆண்டிலேயே ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் சுரோடர் என்ற இரு அறிஞர்கள் கணினித் தகவல் பாதுகாப்புப் பற்றிய தமது கட்டுரையில் ஒரு விதியை வகுத்தனர். ஒவ்வொரு பயனரும் ஒவ்வொரு மென்பொருளும் தமது வேலையை முடிப்பதற்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையுடனேயே இயங்க வேண்டும் என்பது அது.

கணினி தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே நம்மவர்களும் இதனை அறிந்திருந்தனர். கச்சேரியின் பணப் பெட்டகத்தை ஒருவர் தனித்துத் திறக்க முடியாதவாறு இரட்டைப் பூட்டு இடும் வழக்கம் பழைய எழுதுவினைஞர்களுக்கு நினைவிருக்கும். கோயில் உண்டியலைப் பரிபாலன சபையார் பலர் முன்னிலையில் திறப்பதும், எண்ணிய தொகையை எழுதி ஒப்பமிடுவதும் இன்றும் நமது ஊர்களில் உள்ள நடைமுறையே. தலைவர் மீதோ பூசகர் மீதோ சந்தேகம் கொண்டு அவ்வாறு செய்வதில்லை. நாளை ஒரு கேள்வி எழுந்தால், நேர்மையானவரின் நேர்மைக்குச் சான்று வேண்டும் என்பதற்காகவே செய்கின்றோம்.

இந்த ஒழுங்கைத் தரவுத்தள வழங்கிக்கு எவ்வாறு பொருத்துவது? முதலில், முழு உரிமை கோருபவர் எழுத்தில் கோர வேண்டும். எந்த வழங்கி, எந்த வேலை, எந்த நாள் வரை என்பன அதில் இருக்க வேண்டும். அனுமதிப்பவரும் அதனைக் கணினியில் நிறைவேற்றுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். உரிமை ஒரு பொதுக் கணக்குக்கு அன்றி, பெயர் குறித்த தனி ஆளின் கணக்குக்கே வழங்கப்பட வேண்டும். பலர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளுமிடத்தில், தவறு நிகழ்ந்த பின்னர் எவரையும் பொறுப்பாளியாக்க முடியாது. குற்றமற்றவர் தம்மை நிரூபிக்கவும் முடியாது.

அடுத்து, கோரப்படும் வேலைக்கு உண்மையில் முழு உரிமை தேவைதானா என்று பார்க்க வேண்டும். மென்பொருள் தயாரிப்பாளர்கள் இப்போது இதற்கு வழி செய்து தந்துள்ளனர். எஸ்.கியூ.எல். சேர்வரில் காப்புப்பிரதி எடுப்பதற்கு மட்டுமான தனிப் பாத்திரம் உண்டு. ஒராக்கிள் தனது 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் காப்புப்பிரதிக்கான உரிமையை நிர்வாக உரிமையிலிருந்து பிரித்தது. 2018இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் எட்டாம் பதிப்பு, முன்பு ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த 'சூப்பர்' உரிமையைப் பல சிறு உரிமைகளாக உடைத்தது. போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் எல்லாப் பதிவுகளையும் படிக்க மட்டும் அனுமதிக்கும் பாத்திரம் சேர்க்கப்பட்டது. ஆகவே 'வேறு வழியில்லை' என்ற பதில் பெரும்பாலும் பழைய பதிலாகும்.

சில காப்புப்பிரதி மென்பொருள்கள் முழு உரிமையின்றி இயங்குவதில்லை என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வாறாயின், இயங்குதளத்தின் பொதுக் கணக்கான 'சிஸ்டம்' என்பதை உயர்த்துவதற்குப் பதிலாக, அம்மென்பொருளுக்கென்றே தனிக் கணக்கொன்றை உருவாக்கி அதற்கு மட்டும் வழங்கலாம். அக்கணக்கு காப்புப்பிரதி நேரத்துக்குப் புறம்பாக நுழைந்தால் எச்சரிக்கை எழும்பும்படி செய்யலாம்.

மூன்றாவதாக, உரிமைக்கு முடிவுத் திகதி வேண்டும். பழுது திருத்த வந்தவருக்குக் கொடுத்த திறப்பை, அவர் புறப்படும்போது வாங்கிக்கொள்வது போன்றதே இது. இடமாற்றம் பெறுபவரின் கணக்கு, அவர் பொறுப்பை ஒப்படைக்கும் அதே நாளில் முடக்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையேனும் முழு உரிமை உள்ளவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஏன்?' என்று கேட்க வேண்டும். பதில் கிடைக்காத பெயரை நீக்க வேண்டும்.

நான்காவதாக, முழு உரிமை உள்ளவர் செய்வதைக் குறித்து வைக்கும் பதிவேடு, அவர் தொட முடியாத வேறொரு கணினியில் இருக்க வேண்டும். அதேபோன்று காப்புப்பிரதிகளுள் ஒன்றாவது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, வேறு கையில், வேறு இடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து தரவை மீட்டெடுக்க முடிகின்றதா என்பதை இடைக்கிடை சோதித்துப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்கப்படாத பிரதி வெறும் நம்பிக்கை மட்டுமே.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் ஒரு நியாயமான ஆட்சேபம் எழக்கூடும். ஆளணி குறைந்த அலுவலகத்தில் ஒரேயொரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருப்பார். வழங்கி நின்று போனால் இரண்டாவது ஒப்பத்துக்கு யாரைத் தேடுவது? படகேறி வந்தவரைத் திருப்பி அனுப்புவதா? இதற்கும் விடை உண்டு. அவசரத் தேவைக்கான முழு உரிமைக் கணக்கொன்றின் கடவுச்சொல்லை உறையிலிட்டு, முத்திரையிட்டு, நிர்வாக உத்தியோகத்தரின் இரும்புப் பெட்டகத்தில் வைக்கலாம். தேவைப்படும்போது இருவர் முன்னிலையில் உடைத்து, நேரத்தையும் காரணத்தையும் எழுதி, வேலை முடிந்தவுடன் கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறை வைக்கலாம். இதற்குக் கோடிக்கணக்கில் நிதி தேவையில்லை. ஒரு உறையும், அரக்கும், ஒழுங்கும் போதும். சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்தது போன்ற முடக்கத்தையும் இந்த உறையே தடுக்கும்.

தீவகத்தின் கேள்வி

அனலைதீவு மக்களுக்கான பிரதேச செயலகம் ஊர்காவற்துறையில் உள்ளது. அங்கு செல்வதற்குக் கடல் கடக்க வேண்டும். வாடைக் காற்று மிகும் மாரிகாலத்தில் படகோட்டம் கடலின் மனநிலையைப் பொறுத்தது. ஒரு பிரதிக்காகப் புறப்படுபவர் அன்றைய தொழிலை இழக்கின்றார். கடற்றொழிலாளிக்கு அது ஒரு நாள் பாடு. தோட்டக்காரனுக்கு ஒரு நாள் இறைப்பு. 'கணினி வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்' என்ற ஒரு வசனத்தின் விலை கொழும்பில் ஒன்று, அனலைதீவில் வேறொன்று. 'உங்கள் பதிவு காணப்படவில்லை' என்ற வசனத்தின் விலையோ அளவிட முடியாதது.

பதிவு இல்லாமற் போவது என்றால் என்னவென்று நமது மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990களின் இடப்பெயர்வுகளில் தீவக மக்கள் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் விட்டுவிட்டு ஓடினார்கள். அவற்றை மீளப் பெறுவதற்குப் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறு பிரதியில்லாத ஏடுகள் மீளவே முடியாமற் போயின. அன்று அழிவுக்கு நெருப்பும் ஆயுதமும் தேவைப்பட்டன. இன்று தேவையற்ற இடத்தில் வழங்கப்பட்ட ஓர் உரிமையும், களைத்த ஒருவரின் ஒரு வரிக் கட்டளையும் போதுமானவை. அழிவின் நோக்கம் வேறாகலாம். பதிவை இழந்தவரின் அலைச்சல் ஒன்றே.

2023ஆம் ஆண்டிலிருந்து அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கணினித் தரவுகளின் அடிப்படையில் வழங்கப்படுகின்றது. கொடுப்பனவை நம்பியிருக்கும் ஒரு முதியவரின் பெயர் அங்கே யாராலோ மாற்றப்பட்டால், அது தவறா, வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்று அவரால் எவ்வாறு அறிய முடியும்? அலுவலகத்தின் கருமபீடத்தில் இருப்பவருக்கும் அது தெரியாது. மாற்றத்தைக் குறித்து வைத்த பதிவேடு ஒன்று, மாற்றியவரின் கை எட்டாத இடத்தில் இருந்தால் மட்டுமே விடை கிடைக்கும்.

சட்டங்கள் இல்லாமலில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் அத்துமீறிய அணுகலைக் குற்றமாக்கியுள்ளது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்போர் அதன் முழுமையையும் இரகசியத்தையும் காக்கத் தகுந்த ஏற்பாடுகளைச் செய்யவேண்டும் என்கின்றது. ஆனால் குற்றச் சட்டம் பெரும்பாலும் அழிவுக்குப் பின்னர் வருவது. அத்துமீறல் என்று ஒன்றைச் சொல்வதற்கும் முதலில் எல்லை வரையப்பட்டிருக்க வேண்டும். எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்து வைத்துவிட்டு, எவர் அத்துமீறினார் என்று நீதிமன்றத்தில் தேடுவது பயனற்ற முயற்சியாகும்.

ஆகவே பொதுமக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் கேட்கத் தொடங்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு ஒரு வழியைத் தருகின்றது. எந்த அலுவலகத்திடமும் கடவுச்சொல்லைக் கேட்க வேண்டியதில்லை; கேட்கவும் கூடாது. முழு உரிமை வழங்குவதற்கு எழுத்து மூல நடைமுறை உண்டா, அவ்வுரிமைகள் கடைசியாக எப்போது மீளாய்வு செய்யப்பட்டன, காப்புப்பிரதியிலிருந்து மீட்கும் ஒத்திகை எப்போது நடந்தது என்று கேட்கலாம். இவை கணினி படிக்காத எவரும் கேட்கக்கூடிய கேள்விகளே. வெளி நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்யும் திணைக்களங்கள், திறப்பை எப்போது திருப்பித் தரவேண்டும் என்ற வாசகத்தையும் காப்புப்பிரதி யாருடைய பொறுப்பு என்ற வாசகத்தையும் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுத வேண்டும்.

தீவுகளின் மின் நிலையத்துக்கு யார் பொறுப்பு என்பதை அரசுகள் பேசித் தீர்த்துக்கொண்டன. அத்தீவுகளில் பிறந்தவர்களின் பெயர்கள் எழுதப்பட்ட ஏட்டுக்கு யார் பொறுப்பு என்பதை யாரும் நமக்காகப் பேசப் போவதில்லை. அடுத்த அழிவு நேர்ந்த பின்னர் விசாரணைக் குழு அமைப்பதை விட, முழு உரிமை வைத்திருப்போரின் பட்டியலை ஒவ்வொரு திணைக்களமும் இன்றே எடுத்துப் பார்ப்பது மேலானதாகும். அப்பட்டியலில் காரணமற்ற பெயர் ஒன்று இருந்தாலும், அதனை நீக்கும் வரை அந்த ஏடு பாதுகாப்பாக இல்லை என்றே நாம் கொள்ள வேண்டும்.